முட்டை இருந்த இடத்தையும் வரைய வேண்டும்

தார் பாலைவனத்து விலங்குகளை வைத்து நான் வரைந்த படங்களுக்கு முன்னால் நிற்பவர்களில் பலர் கொஞ்ச நேரம் கழித்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "குழந்தையை இழந்த ஒரு தாய் வரைந்த படங்கள்னு சொன்னாங்க. ஆனா எந்த முகத்துலயும் சோகம் தெரியலையே?" தெரியாது. தெரியக் கூடாது என்று முடிவு செய்துதான் வரைந்தேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன், அப்புறம் அந்த வெயிலிலும் தூசியிலும் நீர்வண்ணத்தை எப்படிக் கையாண்டேன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். துக்கத்தோடு தூரிகையைக் கையில் எடுக்கும் யாருக்காவது இதில் ஒரு பகுதியாவது பயன்படும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு ஜெய்சல்மேரில் வேலை. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. இரண்டாவது பிள்ளை, பையன், ஏழு மாதம் முடிந்த நிலையில் வயிற்றிலேயே இறந்துபோனான். பிரசவம் முடிந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது.

இதைத் தயங்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. மருத்துவமனையில் கையெழுத்து வாங்கினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இது வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதை வைத்து உடம்பு பால் சுரப்பதில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஹார்மோன்கள் மாறுகின்றன, இரண்டு மூன்று நாளில் மார்பு கனக்கிறது. துணியால் இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். வேண்டாம், கட்டி விழுந்து காய்ச்சல் வரலாம். நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், வலி தாங்காதபோது கொஞ்சமாகப் பீய்ச்சிவிடுவது, இவை போதும். சுரப்பை நிறுத்த மாத்திரைகளும் உண்டு. உங்கள் உடம்புக்குச் சரிப்படுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்று: 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் 'குழந்தை' என்பதில் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தே சொன்னது. ஆகவே 26 வாரத்துக்குப் பிறகு இப்படி நடந்தால் அது பிரசவமாகவே கணக்கில் வந்தது, பேறுகால விடுப்பு இருந்தது. அதற்கு முன் கலைந்தால் 6 வாரம். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது "குழந்தைதான் இல்லையே, லீவு எதுக்கு" என்று கேட்டால் சட்டத்தைக் காட்டுங்கள்.

நான் ஓவியம் படித்தவள், பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். ஆனாலும் பல மாதம் தூரிகையைத் தொடவில்லை. திரும்பத் தொட்டபோது அவனை வரைய வேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் மகளைக் கூட்டிக்கொண்டு விடுமுறை நாட்களில் வெளியே போக ஆரம்பித்தோம். சம் மணல்மேடுகள் பக்கம் கூட்டம் அதிகம் என்பதால் சேவண் என்ற பாலைவனப் புல் வளரும் வெளிகளுக்குப் போவோம். மணல்மேடு மட்டும்தான் பாலைவனம் என்று நினைத்திருந்தால் தார் உங்களுக்குப் புரியாது. பெரும்பகுதி புல்லும் கல்லும் கள்ளியும் எருக்கும்தான். நம் ஊர்க் கோயில்களில் நிற்கும் வன்னி மரம்தான் அங்கே கேஜ்ரி. மகள் அதை அடையாளம் கண்டு "நம்ம மரம்" என்று சொல்லித் தொட்டுப் பார்ப்பாள்.

அங்கேதான் கானமயிலைப் பார்த்தேன். பாலைவனத் தேசியப் பூங்காவின் சுதாசரி அடைப்புக்குள், மழை முடிந்த பருவத்தில், வயிறு மறையும் அளவு புல்லுக்கு நடுவே ஒரு பெண் பறவை நடந்துபோனது. நிதானமான நடை. நான்கைந்து அடி, ஒரு நிறுத்தம், தலையைத் தூக்கி ஒரு பார்வை, மறுபடி நடை. தொலைநோக்கியை இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தப் பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் படம் புரியாது. கானமயில் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கூடு கட்டாது, வெறும் தரையில் இடும். ஏறத்தாழ 27 நாள் தாய் மட்டுமே அடைகாக்கும், தாய் மட்டுமே குஞ்சை வளர்க்கும். நரி, தெருநாய், உடும்பு, காக்கை, எது வந்தாலும் அந்த ஒரு முட்டை போய்விடும். வளர்ந்த பறவைக்கோ மின்கம்பிகள். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் எடை போடும், அந்த உடம்பைக் கடைசி நொடியில் திருப்ப முடியாது. இன்று நாடு முழுவதும் 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் மாவட்டத்தில். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதியின் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, எங்கே எப்படிச் செய்வது என்று பார்க்க நிபுணர் குழுவிடம் விட்டது. இந்தக் கம்பிகளில் போகும் சூரிய மின்சாரமும் வேண்டும், இந்தப் பறவையும் வேண்டும். ஆனால் இரண்டில் எது காத்திருக்க முடியும் என்று என்னைக் கேட்டால், 150க்கும் கீழே போய்விட்ட ஒரு உயிரால் காத்திருக்க முடியாது என்றுதான் சொல்வேன்.

முதல் முட்டை போய்விட்டால் சில சமயம் அதே பருவத்தில் இன்னொரு முட்டை இடும். சம் கிராமத்தில் 2019இல் தொடங்கிய இனப்பெருக்க மையம் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்து இயந்திரத்தில் பொரிக்க வைத்தபோது இந்தத் தன்மையையும் கணக்கில் வைத்துத்தான் செய்தார்கள். இதை ஒருவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். "பறவையே இன்னொன்னு போடுதே, நீங்களும் மனசைத் தேத்திக்கிட்டு அடுத்ததைப் பாருங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று தெளிவாகப் பிடிபட்டது. விலங்கிடமிருந்து எனக்கு நீதிப்பாடம் எடுக்கக் கூடாது, என் துக்கத்தை விலங்கின் மேல் ஏற்றவும் கூடாது. அது இன்னொரு முட்டை இடுவது அதன் உடம்பின் வேலை. அது எனக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

பின்னே எதை வரைவது? பருவம் முடிந்த பிறகு வனத்துறை ஊழியர் ஒருவர், முந்தைய ஆண்டு முட்டை இருந்த இடம் என்று அடைப்புக்குள் ஒரு இடத்தைத் தொலைவிலிருந்து காட்டினார். புல் விலகிய, கொஞ்சம் மிதிபட்ட தரை. அவ்வளவுதான். அதை வரைந்தேன். அகலமான தாளில் தொடுவானத்தை மிக மேலே வைத்து, தாய்ப் பறவையை இடது மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும் வைத்து, கீழே வலப்பக்கம் முன்னால் அந்த வெற்றுத் தரையை வைத்தேன். பறவை புல்லில் வெட்டுக்கிளி தேடிக்கொண்டிருக்கிறது. அதன் முகம் தெரியாது, தெரிகிற அளவுக்குப் பெரிதும் இல்லை. பார்ப்பவர் கண் பறவைக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும். என் இழப்பை அந்தத் தூரத்தில்தான் வைத்தேன். மற்ற படங்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

இதைச் செய்முறையாகச் சொன்னால் இப்படி வரும். விலங்கின் முகத்துக்கு அருகில் போகாதீர்கள். கண்ணில் நீர், தாழ்ந்த இமை, வானத்தைப் பார்க்கும் தலை, இவை மனித நடிகர்களின் பாவனைகள். விலங்கிடம் இருப்பது வேலை. அது என்ன செய்துகொண்டிருக்கிறது, கால் எங்கே இருக்கிறது, உடம்பின் எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, குட்டி இருந்தால் எவ்வளவு தொலைவில், இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கோட்டுச்சித்திரத்துக்குப் பக்கத்திலேயே இவற்றைச் சொற்களாகவும் எழுதுவேன். வீட்டுக்கு வந்து வண்ணம் தீட்டும்போது அந்தச் சொற்கள்தான் கையைப் பிடித்து நிறுத்தும், பாவனையைச் சேர்க்க விடாது.

முகலாய மன்னர் ஜகாங்கீரின் அவையில் இருந்த ஓவியர் மன்சூரின் வரிக்குதிரை, 1621இல் வரைந்தது, அச்சில் கிடைக்கும், பாருங்கள். அந்த மிருகம் அழகாகவும் இல்லை, சோகமாகவும் இல்லை, கயிற்றில் கட்டுண்டு நிற்கிறது. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மன்சூர் பார்த்திருக்கிறார். அந்த அளவு கவனம் கொடுத்தால் போதும், உணர்ச்சியைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

ஒட்டகத்தின் படம் பிறந்த கதை வேறு. நாங்கள் வழக்கமாகப் போகும் ஊரில் ஒட்டகம் மேய்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. நான் அவரைக் காக்கா சா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவேன், அவர் என்னை பேட்டி, அதாவது மகளே, என்பார். ஒட்டகம் ஏறத்தாழ பதின்மூன்று மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். அவருடைய ஒட்டகம் ஒன்றின் கன்று பிறந்த சில நாளில் இறந்துவிட்டது. கன்று அருகில் இல்லையென்றால் ஒட்டகம் லேசில் பால் விடாது. தாய் தினமும் கன்று விழுந்த இடத்துக்குப் போய் மோந்துவிட்டு வந்தது. "கட்டிப் போடலையா காக்கா சா?" என்று கேட்டேன். "எதுக்கு பேட்டி? அவ போற வரைக்கும் போகட்டும். பார்த்து முடிச்சா அவளே நிறுத்துவா" என்றார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறந்துவிடு, வெளியே வா, மூத்தவளைப் பார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். போகிற வரைக்கும் போகலாம் என்பதை ஒரு ஒட்டகத்துக்குக் கொடுத்த அனுமதியாக நான் கேட்டேன், எனக்கும் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் தாயின் கழுத்தும் தரையும் மட்டும்தான். முகம் தாளுக்கு வெளியே போய்விடும்.

பாலைவனத்தில் தாய்மை என்பது பெரும்பாலும் சூட்டை எதிர்த்த வேலை. 2016 மே 19 அன்று பலோதியில் 51 டிகிரி பதிவானது. நாட்டில் பதிவானவற்றில் அதுவே உச்சம். அப்படிப்பட்ட தரையில் ஆட்காட்டிக் குருவி திறந்த வெளியில் முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் அடைகாப்பது சூடேற்றுவதற்கு அல்ல, நிழல் கொடுப்பதற்கு. தண்ணீருக்குப் பறந்துபோய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும், ஈரம் முட்டையைக் குளிர்விக்கும். ஆட்காட்டி கத்துவதைக் கேட்டால் அழகாக இருக்கிறதே என்று நின்று வரையாதீர்கள். நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் வெளியே, முட்டை வெயிலில். வந்த வழியே பின்னால் போங்கள், கத்தல் நிற்கும் தூரத்தில் உட்காருங்கள். அந்தத் தூரத்திலிருந்து தெரிகிற அளவுதான் உங்கள் படம். கானமயில் விஷயத்தில் இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. எந்தப் பறவையின் முட்டையையும் நான் நேரில் பார்த்து வரைந்ததில்லை. வரையவும் மாட்டேன்.

சிங்காரா மானுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தாய் குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும், பால் கொடுக்கத் திரும்பி வரும். தனியாகக் கிடக்கிறதே, அனாதை போலிருக்கிறது என்று தூக்கிவிடக் கூடாது. உண்மையிலேயே தாய் இறந்துபோன குட்டிகளுக்கு அங்கே பிஷ்னோய் வீடுகள் இருக்கின்றன. தன் பிள்ளைக்குக் கொடுக்கும் முலைப்பாலையே மான்குட்டிக்கும் கொடுக்கும் பெண்கள் அந்தச் சமூகத்தில் உண்டு. 1730இல் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து அம்ரிதா தேவியும் அவர் மகள்களும் சேர்த்து 363 பேர் உயிர்விட்ட வம்சம் அது. மான்குட்டிக்குப் பால் கொடுக்கும் ஒரு பெண்ணை வரைய எனக்கு ஆசை இருந்தது. பால் கட்டி வலித்த நாட்களின் நினைவு அந்தப் படத்தை முடிக்க விடவில்லை. தாள் இன்னும் சுருட்டியபடி இருக்கிறது. முடிக்காத படத்தைக் கிழிக்க வேண்டாம் என்பது மட்டும் என் கருத்து.

கல்கௌதாரியைப் பற்றி எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் அது என் கணவருக்கான படம். இந்தப் பறவையில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பெரும்பாலும் தகப்பன். காலையில் நீர்நிலைக்குப் பறந்துபோய் வயிற்றை நீரில் அழுத்தி உட்கார்ந்து ஆட்டும். அந்த இறகின் நுண்ணிழைகள் சுருள் சுருளாக இருப்பதால் நீரைப் பிடித்துக்கொள்ளும். திரும்பிப் பறந்து வந்து நிமிர்ந்து நிற்கும், குஞ்சுகள் வயிற்று இறகை அலகால் உருவிக் குடிக்கும். குழந்தை போன வீட்டில் எல்லோரும் தாயைத்தான் விசாரிக்கிறார்கள். இவரிடம் வந்து கேட்டவர்கள்கூட "அவங்க எப்படி இருக்காங்க" என்றுதான் கேட்டார்கள். இவர் வேலைக்குப் போனார், மகளைப் பள்ளியில் விட்டார், சமைத்தார். அந்தப் படத்தில் ஆண் பறவை நீரில் உட்கார்ந்திருக்கிறது, குஞ்சு இல்லை. இவர் அதை வெகுநேரம் பார்த்தார். அப்புறம்தான், முதல் தடவையாக, அவனுக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தார் என்று சொன்னார். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அப்பாவையும் கேளுங்கள். தனியாக, அவரைப் பற்றி.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். வறண்ட காற்றில் நீர்வண்ணம் நம் ஊரில் வேலை செய்வதுபோல வேலை செய்யாது. பரப்பிய நிறம் மறுமுனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்து விளிம்பு விழுந்துவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, வழுவழுப்பான பலகையில் ஒட்ட வைத்து வேலை செய்தால் ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். தண்ணீரில் ஒன்றிரண்டு சொட்டு கிளிசரின் சேர்க்கலாம். அதிகமானால் படம் பிசுபிசுக்கும், தூசியும் ஒட்டும். பெரிய பரப்புகளை வீட்டில் ஜன்னலை மூடிக்கொண்டு போடுங்கள். வெளியில் கோடு, சின்ன நிறக்குறிப்பு, இவை மட்டும் போதும். வெள்ளைத் தாள் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும், அந்தக் கூச்சத்தில் நிறங்களை அளவுக்கு மீறி அடர்த்தியாகப் போட்டுவிடுவோம். முன்கூட்டியே மெல்லிய காவிப் பூச்சு கொடுத்த தாளைக் கொண்டுபோனால் இந்தச் சிக்கல் இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிறம் பாருங்கள், தொப்பி போதும். மணல் துகள் ஈரத்தில் விழுந்தால் ஊதாதீர்கள், தேய்க்காதீர்கள். காய்ந்த பிறகு தட்டினால் போய்விடும்.

மணலை மஞ்சளாக வரைவதுதான் எல்லோருக்கும் முதலில் வரும். உற்றுப் பார்த்தால் காலையில் அது சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, உச்சிவெயிலில் நிறமே இல்லாத வெளிர், மாலையில்தான் பொன். நிழல்களில் வானத்தின் நீலம் இருக்கும். நகரத்தில் வளர்ந்த நமக்குத் தெரியாத ஒன்று: பாலைவனத்தில் விலங்கின் வயிறு இருட்டாக இருக்காது. தரை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அடிவயிறு கீழிருந்து வெளிச்சம் பெற்று லேசாகச் சிவந்து தெரியும். கறுப்பு நிழல் போட்டால் மான் தரையில் நிற்காது, ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நிற்கும்போது அந்தக் குட்டியின் முதுகில் விழும் ஒளி தரையிலிருந்து எழுந்து தாயின் வயிற்றில் பட்டுத் திரும்பி வருவது. இதைக் கண்டுபிடித்த நாள் எனக்குப் பெரிய சந்தோஷம். துக்கம் தொடங்கிய பிறகு வந்த முதல் சந்தோஷம் என்றே சொல்லலாம்.

நிறங்கள் நிறைய வேண்டாம். மஞ்சள் காவி, சுட்ட சியன்னா, சுட்ட அம்பர், அல்ட்ராமரைன் நீலம், இந்த நான்கில் பாலைவனத்தின் பெரும்பகுதி வந்துவிடும். மாசி வாக்கில் ரோஹிடா மரம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும், அதற்கு மட்டும் ஒரு சிவப்பு. குழாயின் மேல் நிறமியின் குறியீடு இருக்கும், பார்த்து வாங்குங்கள். மண் நிறமிகளும் அல்ட்ராமரைனும் வெளிச்சத்தில் வெளிறாது. பிஆர் 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சன் வெளிறிவிடும். யாருடைய நினைவாகவோ வரையும் படத்தில் அதைப் போடாதீர்கள். இன்னொன்று தெரிந்தபோது எனக்குப் பிடித்திருந்தது: நீர்வண்ணத்தில் நிறமியைத் தாளோடு பிணைப்பது அரபிப் பிசின். அந்தப் பிசினைத் தரும் மரம் தாரிலும் வளர்கிறது, அங்கே கும்மட்டியா என்பார்கள், அதன் விதையைச் சமைத்தும் சாப்பிடுவார்கள். அந்த மரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பிசின் கலந்த வண்ணத்தால் அந்த மண்ணின் நிறத்தை வரைந்திருக்கிறேன். தூரிகை கழுவிய தண்ணீரை அங்கே ஊற்ற வேண்டாம், புட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தேளை வரைந்ததைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் ஒரு வரி. தேள் முட்டையிடாது, குட்டி போடும். வெளுத்த குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு முதல் தோல் உரிக்கும் வரை அங்கேயே இருக்கும். என் தொடரில் குட்டிகளோடு இருக்கும் ஒரே தாய் அதுதான். மகள் கேட்டு வரைந்தது. "எல்லாத்துலயும் இல்லாம இருந்தா எப்படிம்மா?" என்றாள். அவள் சொன்னது சரி. எனக்கு உயிரோடு ஒரு பிள்ளை இருக்கிறாள், படங்களில் அவளும் இருக்க வேண்டும்.

சோர்ந்துபோகும் சமயங்களில் நான் கெத்தே கொல்விட்ஸை நினைப்பேன். ஜெர்மானிய ஓவியர், சிற்பி. 1903இல் இறந்த குழந்தையை அணைத்திருக்கும் ஒரு தாயைச் செதுக்கோவியமாகச் செய்தார், தன் ஏழு வயது மகன் பேட்டரை மடியில் வைத்துக் கண்ணாடியில் பார்த்து வரைந்தது அது. 1914 அக்டோபரில் அதே பேட்டர் பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்தான். அவனுக்காக ஒரு நினைவுச் சிற்பம் செய்ய அந்த ஆண்டே நினைத்தார். பல வடிவங்களைத் தொடங்கினார், நிறுத்தினார். 1932இல்தான் அது நிறுவப்பட்டது. முதலில் மகனின் உருவத்தையும் வைப்பதாக இருந்த சிற்பத்தில் கடைசியில் மகன் இல்லை. தாயும் தகப்பனும் தனித்தனியாக மண்டியிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "இன்னுமா அதையே வரையற?" என்று யாராவது கேட்டால் அந்தப் பதினெட்டு வருஷத்தைச் சொல்லுவேன்.

காட்சிக்கு வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைப்புகளில் இடமும் தமிழ் மாதமும் மட்டும் வைத்தேன்: சுதாசரி, புரட்டாசி. பலோதிச் சாலை, வைகாசி. ஏங்கும் தாய், வெறும் மடி என்றெல்லாம் தலைப்பு வைத்தால் பார்ப்பவருக்கு வேலையே இருக்காது. வாசலில் ஒரே ஒரு வரி எழுதினேன், ஏழாம் மாதத்தில் மகனை இழந்தேன் என்று. அது அவசியம். குழந்தையை இழந்தவர்கள் எச்சரிக்கை இல்லாமல் உள்ளே வந்துவிடக் கூடாது. சுவரைப் பார்த்தபடி நாற்காலிகள் போடுங்கள், சிலர் உட்கார வேண்டியிருக்கும். யாராவது தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் கதையைப் பதிலுக்குச் சொல்லாதீர்கள். குழந்தைக்குப் பெயர் இருந்ததா என்று கேளுங்கள். வயதான பெண்கள், நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இழந்தவர்கள், அந்தப் பெயரை அப்படியே வைத்திருக்கிறார்கள். முதல் படத்தையும் கல்கௌதாரியையும் விற்பனைக்கு வைக்கவில்லை. எதை விற்பதில்லை என்று காட்சி தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து சீட்டு ஒட்டிவிடுங்கள், நல்ல விலை சொல்லி ஒருவர் எதிரில் நிற்கும்போது முடிவெடுக்க முடியாது.

கடைசியாக, துக்கம் நடந்த வீட்டுக்கு இப்படி ஒரு படத்தைப் பரிசாகக் கொண்டுபோக நினைத்தால் முதலில் கேட்டுவிடுங்கள். தோழி ஒருத்திக்கு ஆட்காட்டியின் படம் ஒன்றைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "இப்ப வேண்டாம், உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். காகிதத்தில் சுற்றி அவள் பெயரை எழுதி வைத்துவிட்டேன். வெகு நாள் கழித்து அவளே வந்து வாங்கிப்போனாள். கண்ணாடி போட்டு, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொன்னேன், நேர் வெயில் விழாத சுவரில் மாட்டச் சொன்னேன். தையல் மிஷினுக்கு எதிரே மாட்டியிருப்பதாகச் சொன்னாள். அது வடக்குச் சுவர், நல்ல இடம்தான்.